கணித மேதை இராமானுஜனும் ஒரு பதின்மூன்று இலக்க எண்ணும்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், கிளியூர், ஏற்காடு)



நம்ம வகுப்பில் கணக்குப் பாடத்தில் அரியர்ஸ் வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் எத்தனை கை உயரும்? அதில் ஒன்று என்னுடையது. ரிசல்ட் வருகிற அன்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாம் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் ஒன்று உண்டு. கணித மேதை இராமானுஜனே பரீட்சையில் ஃபெயில் ஆனவர்தானே, நாம எம்மாத்திரம் என்பதுதான் அது! இந்த ஆறுதலை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்த்துவிடலாமே என்றுதான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்தபோது ஆறுதல் போய்விட்டது. ஆனால் அதைவிட நல்லது ஒன்று கிடைத்தது. அதைத்தான் இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அதற்கு முன் எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்று. எங்க ஊர் கிளியூர். ஏற்காடு ஏரி நிறைந்து வழிகிற தண்ணீர் அருவியாக விழுவது எங்கள் ஊரில்தான். எங்க தாத்தா எஸ்டேட்டில் காபி நாற்றங்கால் பார்த்தவர். நாற்றுப் பைகளை அடுக்கும்போது எண்ணிக்கை 24 வந்தால் அவருக்கு ஒரே சந்தோஷம். இரண்டு வரிசை, மூன்று வரிசை, நான்கு வரிசை, ஆறு வரிசை, எப்படி வேணும்னாலும் அடுக்கலாம்; ஒரு பை மீதி நிற்காது. 23 வந்தாலோ முகத்தைச் சுளிப்பார். ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க முடியும். இன்னொன்னு கொண்டாடா என்று என்னை விரட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா சொன்ன அதே விஷயத்தை, 1915ஆம் ஆண்டு இலண்டனில் அச்சான ஒரு பெரிய கட்டுரையில் ஒரு தமிழர் அலசித் தீர்த்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தத் தமிழர்தான் சீனிவாச இராமானுஜன்.

பாட்டி வீட்டுப் பிள்ளை

நம்ம சேலத்திலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஈரோடு. அங்கே தாய்வழிப் பாட்டி வீட்டில் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இராமானுஜன் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடியவர். குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். ஆக, பிறந்த ஊரும் வணங்கிய தெய்வமும் நமக்குப் பக்கத்தில்தான்.

வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். படித்தது டவுன் ஹைஸ்கூலில். பள்ளியில் அவர் சாதாரணப் பையன் அல்ல. 1897இல் நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம். லோனி எழுதிய திரிகோணமிதி நூலைத் தாமாகவே படித்து முடித்தார். சுமார் 15 வயதில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்கிற டியூஷன் வாத்தியார் அவர். நம்ம ஊர் கைடு மாதிரிதான் அந்தப் புத்தகம்! சுமார் ஐயாயிரம் சூத்திரங்கள் வரிசையாக இருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. நாமாக இருந்தால் மனப்பாடம் செய்திருப்போம். அவரோ ஒவ்வொன்றையும் தாமே நிரூபித்துப் பார்த்தார். அங்கிருந்து புதிதாகக் கண்டுபிடிக்கவும் தொடங்கினார்.

ஃபெயில் ஆன கதை

1904இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. கணக்குக்குப் பரிசு; கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம். இங்கேதான் நம்ம டீக்கடைக் கதை தொடங்குகிறது. கல்லூரியில் அவர் கணக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. மற்றப் பாடங்களில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார். உடலியல் பாடம் அவருக்குக் கடைசி வரை கைவரவில்லை. எஃப்.ஏ. தேர்வை 1906 டிசம்பரில் எழுதினார்: ஃபெயில். 1907இல் மீண்டும் எழுதினார்: மீண்டும் ஃபெயில்!

நம் ஆறுதல் கதை இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் அவர் வாழ்க்கை நிற்கவில்லையே. பட்டம் இல்லை, வேலை இல்லை, கையில் காசு இல்லை. 1909 ஜூலை 14ஆம் தேதி ஜானகியோடு கலியாணம் ஆகிவிட்டது. பெண்ணுக்கு அப்போது பத்து வயசு. அடுத்த ஆண்டு அவருக்கு ஒரு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. குடும்பத்திடம் அதற்குப் பணமில்லாததால் ஒரு டாக்டர் இலவசமாகவே செய்து கொடுத்தார். தாள் விலை கட்டுப்படி ஆகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டுகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை கேட்டு அலைந்தார். பரீட்சையில் தவறியதற்கு அவர் கொடுத்த விலை கிட்டத்தட்ட ஐந்து வருஷம்!

அந்த நோட்டுகளைப் பிரித்துப் பார்க்கச் சிலர் இருந்தார்கள். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கிய வி.இராமசாமி ஐயர் அப்போது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டர். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, சென்னையில் தமக்குத் தெரிந்தவர்களிடம் அனுப்பி வைத்தார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்து தாங்கினார். 1911இல் கழகத்தின் இதழில் முதல் கட்டுரை அச்சானது. 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை. சம்பளம் 30 ரூபாய். அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதம் படித்தவர். தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு என்ஜினீயர்! இருவரும் அவருக்குத் துணை நின்றார்கள். பாலிடெக்னிக் மாணவர்களாகிய நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

1913 ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட சூத்திரங்கள், நிரூபணம் இல்லாமல்! ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். எழுதியவன் மேதை என்று முடிவு செய்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கடல் கடக்கத் தயங்கிய குடும்பம், நாமக்கல் தாயாரின் அனுமதி கிடைத்ததாக நம்பிய பிறகு சம்மதித்தது. 1914 மார்ச் 17ஆம் தேதி நெவாசா என்ற கப்பலில் புறப்பட்டார்.

நிறைய வகுபடும் எண்கள்

இனிமேல்தான் எங்க தாத்தாவின் நாற்றுப் பை கணக்கு. ஒரு எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை அதன் வகுத்திகள் என்போம். 12க்கு வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12. ஆக மொத்தம் ஆறு. 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களை இராமானுஜன் ஒரு தனி ஜாதியாகப் பிரித்தார். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720... என்று போகும் பட்டியல் அது.

இந்த எண்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? ஒரு அடிக்கு 12 அங்குலம். ஒரு நாளுக்கு 24 மணி. ஒரு மணிக்கு 60 நிமிஷம். ஒரு வட்டத்துக்கு 360 டிகிரி. சும்மா வைத்ததல்ல, பங்கு போட வசதியான எண்கள் என்பதால் நிலைத்தவை. நம்ம மில்லிங் மெஷினில் இண்டெக்ஸிங் செய்கிறோமே, 24 பல் கியர் வெட்டுவது எவ்வளவு சுலபம்! 127 பல் வெட்டச் சொன்னால் சாதா இண்டெக்ஸிங் நடக்காது, டிஃபரன்ஷியல் போக வேண்டியதுதான். காரணம் 127 ஒரு பகா எண்.

வகுத்திகளை ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் போதும். 360 என்பது 2இன் அடுக்கு 3, 3இன் அடுக்கு 2, 5இன் அடுக்கு 1. ஆக 4 × 3 × 2 = 24 வகுத்திகள். நோட்டில் போட்டுப் பாருங்கள்.

இந்த எண்களின் உள் அமைப்பு எப்படி இருக்க வேண்டும்? இரண்டு விஷயம் நமக்கே புரியும். ஒன்று, அடுக்குகள் இறங்குவரிசையில் இருக்க வேண்டும். 18ஐப் பாருங்கள், 2க்கு அடுக்கு 1, 3க்கு அடுக்கு 2. அடுக்குகளை இடம் மாற்றினால் 12 கிடைக்கும். இரண்டுக்கும் ஆறே வகுத்திகள், ஆனால் 12 சின்னது. எனவே 18 பட்டியலில் வர முடியாது. இரண்டு, நடுவில் எந்தப் பகா எண்ணையும் தாண்டக் கூடாது. 20இல் 3 இல்லை, 5 இருக்கிறது. 5க்குப் பதில் 3ஐப் போட்டால் மறுபடியும் 12! இவ்வளவுதான் நம்ம எல்லை. இராமானுஜன் இதற்கு மேலே ஏறிப் போனார். 4, 36 என்ற இரண்டைத் தவிர, பட்டியலில் 1க்கு அடுத்து வரும் எல்லா எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 மட்டுமே என்று நிரூபித்தார். எண்கள் பெரிதாகப் பெரிதாக, பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டின் விகிதம் 1ஐ நெருங்கும் என்றும் காட்டினார்.

அதோடு விடவில்லை. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கையால் கணக்கிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட பட்டியலையும் தந்தார். அதன் கடைசி எண் இதோ: 6746328388800. ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்து எட்டாயிரத்து எண்ணூறு! பத்து இலக்கம் காட்டும் நம்ம கால்குலேட்டரில் முழுசாகத் தெரியக்கூட மாட்டாது. பிரித்துப் பார்த்தால் 2க்கு அடுக்கு 6, 3க்கு 4, 5க்கு 2, 7க்கு 2, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒருமுறை. மேலே சொன்ன விதிகள் அப்படியே பொருந்துகின்றன அல்லவா? வகுத்திகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. அந்த 10080ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அதே பட்டியலில் இருக்கும் எண்தான். என்னே விந்தை!

இந்தக் கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் 60 பக்கத்துக்கு மேல் அச்சானது. அதுவும் முழுசாக இல்லை. உலகப் போர்க் காலம், கழகத்திடம் பணமில்லை, பிற்பகுதியை நிறுத்திவைத்தார்கள். அந்த மிச்சப் பகுதி பிரெஞ்சு அறிஞர்கள் நிக்கோலா, ராபின் இருவரின் குறிப்புகளோடு 1997இல்தான் இதழில் வெளிவந்தது. 82 வருஷம்!

1916 மார்ச் 16ஆம் தேதி, முக்கியமாக இந்தக் கட்டுரைக்காகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இராமானுஜனுக்கு ஆராய்ச்சிவழி பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தாண்டாதவருக்குப் பட்டம் வாங்கித் தந்தவை வகுபடும் எண்கள்தான்.

விடுபட்ட ஒன்று

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அந்தப் பட்டியலில் ஒரு எண் விடுபட்டுப் போயிருக்கிறது! அது 293318625600. இதற்கு 5040 வகுத்திகள். இதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. முறைப்படி பட்டியலில் இருக்க வேண்டியது, இல்லை.

இந்த எண்ணை நான் பிரித்துப் பார்த்தேன். 2க்கு அடுக்கு 6, 3க்கு 4, 5க்கு 2, 7க்கு 2, பிறகு 11, 13, 17, 19. கவனித்தீர்களா? கடைசி எண்ணின் அதே அமைப்பு. 23 மட்டும் இல்லை. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் அவருடைய பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கிறது! தாத்தா முகம் சுளித்த அதே 23. லாங் மல்ட்டிப்ளிகேஷனில் ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டுப் பார்த்து விடை சரியாக வந்தபோது, ரூமில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எண்களோடு விளையாடியவர் என்று உலகம் கொண்டாடும் மனிதரிடமும் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அதனால் கட்டுரை கெட்டுப்போயிற்றா? இல்லை. நிரூபணங்கள் நின்றன. 1944இல் அலவோக்லு, எர்டிஷ் என்ற இரு அறிஞர்கள் இதே பாதையில் மேலே போனார்கள். விடுபட்ட எண்ணைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அவர் எழுதி வைத்ததால்தான் விட்டதைக்கூட மற்றவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. எழுதாத தாளில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. சரியும் கண்டுபிடிக்க முடியாது.

கடைசி வருஷங்கள்

கேம்பிரிட்ஜில் அவர் சுத்த சைவம். தாமே சமைத்துச் சாப்பிட்டார். போர்க்கால நெருக்கடியில் காய்கறி கிடைப்பதே கஷ்டம். குளிரும் தனிமையும் வேறு. 1917இல் படுத்துவிட்டார். காசநோய் என்று அப்போது வைத்தியம் பார்த்தார்கள். கல்லீரலில் அமீபா கிருமியால் வந்த நோயாக இருக்கலாம் என்று 1994இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு கூறுகிறது.

படுக்கையில் இருந்தபோதும் எண்கள் அவரை விடவில்லை. 4 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக ஐந்து விதமாக எழுதலாம். 200ஐ எத்தனை விதமாக எழுதலாம்? 3972999029388 விதம். மக்மஹோன் என்ற அறிஞர் இதைக் கையால் கணக்கிட்டிருந்தார். ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்ட சூத்திரம் எட்டே உறுப்புகளில் அந்த விடைக்கு மயிரிழை தூரத்தில் போய் நின்றது. புட்னி ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க ஹார்டி டாக்சியில் வந்த கதை உங்களுக்குத் தெரியும். வண்டி எண் 1729 சுவாரசியம் இல்லாதது என்று ஹார்டி சொல்ல, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்றார் இராமானுஜன். 1இன் கனமும் 12இன் கனமும் ஒரு வழி. 9இன் கனமும் 10இன் கனமும் இன்னொரு வழி. வகுத்திகளைப் பார்த்தால் 1729 ஒரு ஏழை, எட்டே எட்டுதான். அதைவிடச் சிறிய 1680க்கு 40 இருக்கின்றன! ஆனாலும் ஏழை எண்ணுக்கும் ஒரு பெருமையை அவர் கண்டெடுத்தார்.

1918இல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் முதல் இந்திய ஃபெல்லோ. 1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். அந்தக் கோடையில் நம்ம காவிரிக் கரை கொடுமுடியில் சில மாதம் தங்கினார், பிறகு கும்பகோணம், பிறகு சென்னை சேத்துப்பட்டு. 1920 ஜனவரியில்கூட ஹார்டிக்குப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றை எழுதி அனுப்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி மறைந்தார். வயது 32. கடைசி வருஷத்தில் அவர் எழுதிய தாள்கள் 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க அறிஞர் கண்ணில் பட்டு உலகையே அசத்தின. மனைவி ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994இல் சென்னையில் மறைந்தார். 2012 முதல் டிசம்பர் 22 தேசியக் கணித நாள்.

நமக்கு என்ன?

நண்பர்களே! இராமானுஜன் ஃபெயில் ஆனது உண்மை. அதை நம் அரியர்ஸுக்குச் சாக்காகச் சொல்வதுதான் பொய். அவர் மற்றப் பாடம் படிக்காத நேரத்தில் கணக்குப் போட்டார். நாம படிக்காத நேரத்தில் என்ன செய்தோம் என்று நம்ம மனசாட்சிக்குத் தெரியும். தவறியதற்கு அவர் பட்டினியாலும் அலைச்சலாலும் விலை கொடுத்தார். அந்த ஐந்து வருஷமும் அவர் நோட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. பிரித்துப் பார்க்க நாலு பேர் வந்தபோது அதில் எழுத்து இருந்தது. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம்ம பக்கத்து பெஞ்சில் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பவனின் நோட்டை ஒருநாள் வாங்கிப் பாருங்கள். இராமசாமி ஐயர் செய்ததும் அவ்வளவுதான்.

போன தடவை கணக்குப் பேப்பரில் இரண்டு கேள்வியை, தப்பாகிவிடுமோ என்று பயந்து தொடாமலே வந்தேன். வருகிற அக்டோபரில் மறுபடி உட்காருகிறேன். இந்த முறை ஒரு பக்கம்கூட வெள்ளையாக விடப்போவதில்லை. விடுமுறைக்கு மலை ஏறிப் போனதும் தாத்தாவிடம் சொல்ல ஒரு சேதியும் இருக்கிறது: நீ ஒதுக்கின 23க்கும் ஒரு வேலை இருக்குது தாத்தா!